ஃபஸீஹா என்றால்

ஃபஸீஹா என்றால் தெளிவாகப் பேசுகிறவள் என்று மஹ்மூதாவுக்கு முதன்முதலில் சொன்னது அவள் புருஷன் இத்ரீஸ். பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள், அதுவும் நேரில் அல்ல, ஜித்தாவிலிருந்து பக்கத்துத் தெரு ஹாஜியார் கையில் கொடுத்தனுப்பிய கேசட்டில். "பொட்டப்புள்ளையா இருந்தா ஃபஸீஹான்னு வைங்க" என்று கரகரத்தது டேப். "எங்க கடை அரபியோட மகளுக்கு அந்தப் பேரு. பேசுனா கேக்குறவங்க மனசுல போயி உக்காருமாம், அப்படிப் பேசுறவளுக்குத்தான் அந்தப் பேராம். நாமதான் வாயில்லாப் பூச்சியாப் போயிட்டோம் மஹ்மூதா. இங்க முதலாளி திட்டுனாக்கூட என்ன திட்டுனாருன்னு அடுத்தவன்கிட்டக் கேட்டுத்தான் நான் வருத்தப்படணும். எம்புள்ளையாவது வாயைத் தொறந்து பேசட்டும்." அவர் பேசிய அறையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், வார்த்தைக்கு வார்த்தை டக் டக் என்று குறுக்கே வந்தது, இதோ இந்த ஜமாஅத் ஆபீஸ் ஃபேன் மாதிரியே. இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. கேசட் எங்கே போயிற்று, யாரோ அதன் மேலேயே எதையோ பதிந்துவிட்டார்கள், மூத்தவன் ஸுபைராகத்தான் இருக்கும், அவனுக்கு அப்போது ஏழு வயது. அதற்காக அவனை அடித்தேனா? அடித்த ஞாபகம் இல்லை. அடித்திருந்தால் அல்லாஹ் மன்னிக்கட்டும். மஹ்மூதா நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டே சுற்றியது. பச்சைத் திரை ஒன்று அறையை இரண்டாக்கியிருந்தது. அந்தப் பக்கம் ஆண்கள். இந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளும் அவள் மகளும், காலடியில் ஓதி ஊதிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தது. இன்னும் கூப்பிடவில்லை.

கூப்பிடுவார்கள். கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள், ஃபஸீஹா ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், போக மாட்டேன் என்று. அவ்வளவுதான், பிறகு பெண் கேட்கிற விலக்கு, குலா, கொடுத்து அவளை விடுவிப்பதைப் பற்றிப் பேசலாம் என்று ஜமாஅத்துக் காசிம் காக்கா ஸுபைரிடம் சொல்லியிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. நாலு மாதமாக ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளையிடம். தொண்டையில் ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மதுரை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். காகிதம் கொடுத்தால் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், மை காய்கிற வரைக்கும். தலையாட்டினால் என்ன, திரைக்கு அந்தப் பக்கம் தலை தெரியுமா? தெரியாதுதானே. அன்றைக்கும் தெரியவில்லை. வேண்டாம், அன்றைக்குப் போகாதே. மஹ்மூதா ஸலவாத்து ஓத ஆரம்பித்தாள், விரல் கணுவில் கட்டைவிரலை நகர்த்தி நகர்த்தி. திரைக்கு அப்பால் மாப்பிள்ளையின் தாய்மாமன் பேசிக்கொண்டிருந்தார், பெரிய குரல், மேடையில் பேசுகிறவர் குரல். "நாங்க என்ன வேத்து மனுசங்களா? புருஷன் பொஞ்சாதின்னா நாலு வார்த்தை முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். அந்தப் புள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை நான் இப்ப சொல்லல." ஸுபைர் குறுக்கே ஏதோ சொன்னான். "நீ சும்மாருப்பா, பெங்களூர்ல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருந்தவனுக்கு என்ன தெரியும் குடும்பத்தைப் பத்தி?" யாரோ சிரித்தார்கள். நடுவில் ஒரு இருமல் கேட்டது. ஜவாஹிர். மருமகன் வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை, இருமல் மட்டும்தான். அந்த இருமலுக்கு ஃபஸீஹாவின் கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொண்டதை மஹ்மூதா பார்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. விரல்கள் மட்டும் சுருண்டன, பிறகு விரியவே இல்லை. எத்தனை ஸலவாத்து ஆயிற்று? எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

என்ன பேச்சுப் பேசுவாள். மூன்று வயதிலேயே மீன்காரனிடம் பேரம் பேச, அவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டான். "லாத்தா, இதுக்குப் பால் குடுத்தீங்களா, பஞ்சாயத்து ரேடியோவைக் கரைச்சுக் குடுத்தீங்களா?" மீலாது மேடையில் பத்து வயதில் பேசினாள், மைக் எட்டாமல் ஸ்டூல் போட்டு நிற்க வைத்தார்கள், அநாதைகளைப் பற்றிப் பேச்சு, பெண்கள் பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தியது. இத்ரீஸ் அந்த வருஷம் லீவில் வந்திருந்தார். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒருநாள் மதரஸாவிலிருந்து ஓடி வந்தாள், பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும், அடுப்பில் பால் பொங்குகிற நேரம். "உம்மா, எம்பேருக்கு அடி அர்த்தம் பேச்சே இல்லையாம், ஆலிமா சொன்னாங்க. பாலாம்!" "என்னடி பாலு?" "பாலுக்கு மேல நுரை நிக்கும்ல, அந்த நுரையெல்லாம் போயி, அடியில தெளிஞ்சு நிக்குமே சுத்தமான பாலு, அதுக்குத்தான் அரபிக்காரங்க முதல்ல அப்படிச் சொன்னாங்களாம். அப்புறந்தான் பேச்சுக்கு வந்துச்சாம். கலப்பில்லாத பேச்சு. உள்ள என்ன இருக்கோ அதுதான் வெளிய." சொல்லிக்கொண்டே கரண்டியால் நுரையை ஒதுக்கிப் பார்த்தாள். "அப்ப நாங்க பேசுறதெல்லாம் நுரையா?" என்று கேட்டு மஹ்மூதா சிரித்தாள். "நீங்க பேசுறதே இல்லையேம்மா" என்றாள் பிள்ளை. அதற்கும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே குரல். அதுதான் வினோதம். போனை எடுத்து ஹலோ என்றால் இத்ரீஸுக்கே குழம்பும், "மகளா, மகளோட உம்மாவா?" என்பார். ஒரே குரல், ஒருத்திக்கு அதை வைத்துப் பேசத் தெரிந்தது, இன்னொருத்திக்கு ஓதத்தான் தெரிந்தது. ஒரே குரல் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கல்யாணம். நினைக்காதே என்றால் நினைப்பு அங்கேதான் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, கொட்டிலுக்குத் திரும்பும் ஆடு மாதிரி.

சரி. போ. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது, கரண்ட் இல்லை. சாப்பாட்டுச் சஹனும் பாயும் போட்டாகிவிட்டது, பிரியாணி வாசம் மணப்பெண் அறை வரைக்கும் வந்துவிட்டது. அன்று மத்தியான லுஹருக்கு முன்னால்தான், மருதாணிக் கையோடு, ஃபஸீஹா அவளைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "உம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்." என்ன தெளிவாகச் சொன்னாள். அழவில்லை. "போன்ல அவரு பேசுறது எனக்குப் பயமா இருக்கு. நான் பேசிக்கிட்டு இருக்கும்போது அவரு போனைக் கட் பண்ணாம கீழ வச்சிட்டுப் போயிருவாரு உம்மா. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அங்க டிவி சத்தம் கேக்கும். திரும்ப வந்து, முடிச்சிட்டியான்னு கேப்பாரு. இதுவே நம்மூருன்னா மாப்பிள்ளை நம்ம வீட்டுக்கு வருவாரு, நான் உங்ககூட இருப்பேன். இது வெளியூர். நான் அங்க போகணும். வாப்பாக்கிட்டச் சொல்லுங்க." இவ்வளவுதான் சொன்னாள், இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது, ஒரு எழுத்து விடாமல். மஹ்மூதா என்ன சொன்னாள்? கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், முகத்தைக் கழுவு. இத்ரீஸிடம் சொல்ல வெளியே வந்தாளா? வந்தாள். வந்தாள், அல்லாஹ் அறிவான். அவர் வாசலில் யாரையோ கட்டித் தழுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். பிறகு அவர்கள் வந்தார்கள், நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க, இத்ரீஸும் இரண்டு சாட்சிகளும். கதவில் ஒரு சேலையைத் திரையாகப் பிடித்தார்கள். சாட்சிகளில் ஒருவர் காசிம் காக்கா, இத்ரீஸின் சேக்காளி, அப்போதே ஜமாஅத்தில் இருந்தார். அவர்தான் கேட்டார். இன்ன மஹருக்கு இன்னாருடைய மகன் ஜவாஹிருக்கு உன்னை நிக்காஹ் செய்து தரச் சம்மதமா? பெண்ணின் தலைமேல் சிவப்பு முக்காடு. மௌனம். "பொண்ணு வாயில கொழுக்கட்டையா?" என்றாள் ஒரு மச்சி. சிரிப்பு. இரண்டாம் தரம் கேட்டார். ஜெனரேட்டர் இரைந்தது. "மௌனமே சம்மதம்தான் காக்கா, எழுதுங்க" என்று யாரோ சொன்னார்கள். "இல்ல, வாயால கேட்டுக்குறேன், நம்ம புள்ள பேசுற புள்ளதானே" என்றார் காசிம் காக்கா, பாசமாகத்தான் சொன்னார். மூன்றாம் தரம். முக்காட்டுக்குள் மகளின் மூச்சு இழுபட்டது, உதடு பிரிவதற்கு முன்னால் வரும் மூச்சு, அது மஹ்மூதாவுக்குத் தெரியும், பேசப் போகிறாள், அவள் சொல்லப் போவது என்னவென்றும் தெரியும், நானூறு பேர், வாசலில் இத்ரீஸ், இத்ரீஸின் நெஞ்சு. பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மஹ்மூதா அதே முக்காட்டுக்குள் தலையை விட்டபடி "ம்" என்றாள்.

ஒரு எழுத்து. எழுத்துகூட இல்லை, அரை எழுத்து. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ஒருத்திகூட யார் சொன்னது என்று கேட்கவில்லை. இத்ரீஸ் கேட்கவில்லை. ஃபஸீஹா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், முக்காட்டுக்குள் இரண்டு முகங்களுக்கும் நடுவில் நாலு விரல்கடை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். வீடு மாறி வந்துவிட்டவள் கதவைத் திறந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நிக்காஹ் பதிகிற தஃப்தரை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். பாலும் பழமும் கொடுத்தார்கள், பாலின் மேல் ஆடை படிந்திருந்தது, அவள் அதை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. வேன் கிளம்பும்போது குனிந்து காதோடு சொன்னாள், "அப்படியே எங்குரல் மாதிரியே இருந்துச்சு உம்மா." அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் என்ன நினைத்தேன்? பெண் பிள்ளை இப்படித்தான் கட்டிக்கொடுக்கப்படும் என்று நினைத்தேன். பதினேழு வயதில் என்னையும் கேட்டார்கள், நானும் பேசவில்லை, என் மௌனத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், இத்ரீஸ் நல்லவராக இருந்தார். நல்லவராக இருந்தது என் மௌனத்தாலா? அது என்னுடைய அதிர்ஷ்டம், அதை ஒரு வழி என்று நினைத்துக்கொண்டேன். முதல் வருஷம் போனில் அரை மணி நேரம் பேசினாள். அடுத்த வருஷம் பத்து நிமிஷம், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி. "அங்க என்னை வாய்க்காரின்னுதான் கூப்பிடுறாங்க உம்மா, பேரு மறந்துபோச்சு." சிரித்துக்கொண்டே சொன்னாள். நாலாம் வருஷம் "துஆ செய்ங்க உம்மா", அவ்வளவு. இத்ரீஸ் மௌத்தானபோது வந்தாள், மையித்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், ஒரு ஒப்பாரிச் சொல்லும் இல்லை, பிடிமானமாக இருக்கிறாள் என்று ஊர் மெச்சியது. பிறகு நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பஸ்ஸில், தனியாக. ஒரு காதில் தோடு இருந்தது. இன்னொரு காதில் தோடு இருந்த இடம் கிழிந்திருந்தது. குளிப்பாட்டும்போது மஹ்மூதா பிள்ளையின் முதுகைப் பார்த்தாள், வட்ட வட்டமாக, சிகரெட் அளவுக்கு, சில ஆறியவை, சில ஆறாதவை. வரிசையாக இருந்தன. வரிசையாக என்றால் அவன் அவசரப்படவில்லை. அவன் அவசரப்படவில்லை, யா அல்லாஹ், பிள்ளை கத்தவும் இல்லை. "யாருடி, அவனா?" என்று கேட்டபோது பிள்ளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் சுபுஹுக்குப் பிறகு நாக்கின் முடிச்சை அவிழ்க்கக் கேட்கும் துஆவை ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுக்கிறாள் மஹ்மூதா. பிள்ளை குடிக்கிறாள். முடிச்சு யார் போட்டது என்று தெரிந்தவன் ஒருவன் மேலே இருக்கிறான், அவனிடமே போய் அவிழ்க்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

"இஷ்டமில்லாமக் கட்டுனதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்று தாய்மாமனின் குரல் உயர்ந்தது, ஃபேன் அதை வெட்டி வெட்டிக் கொடுத்தது. ஸுபைர் ஏதோ மனுவில் எழுதியிருந்தான், தங்கச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பம் இல்லை என்று. எப்படி எழுதினான்? அவனுக்குத் தெரியுமா? தெரியாது, ஊகம்தான். "அந்தப் பேச்சு வேணாம்" என்றார் காசிம் காக்கா. "அதுக்கு நானே சாட்சி. மௌனத்தை எடுத்துக்கச் சொன்னாங்க, நான் எடுத்துக்கல. மூணு தரம் கேட்டேன். மூணாவது தரம் அந்தப் புள்ள ம்முன்னு சொன்னுச்சு, இந்தக் காதால கேட்டேன், நாளைக்கு அல்லாஹ் முன்னாடியும் சொல்லுவேன்." அல்லாஹ் முன்னாடி. காசிம் காக்கா, நீங்கள் நேர்மையான மனுசர், உங்களை நான் பொய்ச் சாட்சி ஆக்கி வைத்திருக்கிறேன், ஆறு வருஷமாக நீங்கள் அதை அறியாமல் தொழுதுகொண்டிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு நாளில் அவன் வாய்க்கு முத்திரை வைத்துவிட்டுக் கைகளையும் கால்களையும் பேசச் சொல்வானாம். என் கை என்ன சொல்லும்? கட்டிப்பிடித்திருந்தேன் என்று சொல்லும். அந்த நிக்காஹ் நிக்காஹ்தானா? இல்லையென்றால் இந்த ஆறு வருஷம் பிள்ளை எந்த உறவில் இருந்தாள்? இதை எந்த ஆலிமிடமும் கேட்டதில்லை, கேட்டால் பதில் வந்துவிடும். இத்ரீஸ் கபுரில் இருக்கிறார், மகள் சம்மதித்தாள் என்று நம்பிப் போனவர். அவரிடமும் சொல்லவில்லை. இப்போது வெளியில் சொன்னால் ஊர் அவரைத்தான் சொல்லும், மகளைக் கேட்காமல் கட்டிக்கொடுத்தான் என்று. ஸுபைர் என்னை எப்படிப் பார்ப்பான்? உம்மா என்று கூப்பிடுவானா? கூப்பிடுவான், அதுதான் இன்னும் கஷ்டம்.

நாற்காலி நகர்த்தும் சத்தம். செருப்பு திரையை நோக்கி வந்தது. திரைக்கடியில் காசிம் காக்காவின் பாதங்கள் தெரிந்தன, நகம் வெட்டிய சுத்தமான பாதங்கள், அன்றைக்கும் சேலைக்கடியில் இவைதான் தெரிந்தன. "ஃபஸீஹா, நல்லா இருக்கியாம்மா? நான் காசிம் மாமா. ஒன்னும் பயப்படாத. அவங்க கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க, இனி நல்லா வச்சுக்குறேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்றாங்க. திரும்பிப் போறதுக்கு உனக்குச் சம்மதமா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, யாரும் ஒன்னும் செய்ய முடியாது. மூணு தரம் கேக்குறேன்." பிள்ளையின் கை மடியில் கிடந்தது, மஹ்மூதா அதைப் பிடித்தாள், அது மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. ஒன்று. ஃபேன். டக், டக். "மௌனமா இருந்தா என்ன அர்த்தம் காக்கா?" என்றார் தாய்மாமன் பின்னாலிருந்து, அவருடைய பெரிய குரலில் சிரிப்பு இருந்தது. "அன்னிக்கு வேணா நீங்க எடுத்துக்காம இருந்திருப்பீங்க. இன்னிக்கு எடுத்துக்குங்க, மக்ரிபுக்குள்ள பஸ் பிடிக்கணும்." "பொறுங்க. ஃபஸீஹா, ரெண்டாவது தரம் கேக்குறேம்மா." அப்போதுதான் மஹ்மூதாவுக்கு அது தோன்றியது. ஒரே குரல். திரை இருக்கிறது. நானே "இல்லை, போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டால்? யாருக்குத் தெரியும்? அன்றைக்கு ஒரு அரை எழுத்தால் கட்டியதை இன்றைக்கு ஒரு வார்த்தையால் அறுத்துவிடலாம், பிள்ளை தப்பித்துக்கொள்ளும், இத்ரீஸின் பெயர் தப்பிக்கும், நானும். வாய் திறந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளையின் கை அவள் கைக்குள் அசைந்தது. மஹ்மூதா திரும்பிப் பார்த்தாள். ஃபஸீஹா அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை, கதவைத் திறந்தவரைப் பார்க்கிற பார்வை, உதட்டிலிருந்து என்ன வரப்போகிறது என்று பார்த்து, வரப்போவதற்கு ஏற்கெனவே தலைகுனிந்துவிட்ட பார்வை. என் குரல் மாதிரியே இருந்துச்சு உம்மா. திரும்பவும் அவள் குரலை எடுத்தால் அவளுக்கென்று என்ன மிஞ்சும்? நான் ஒரு குரலை வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் சும்மா வைத்திருந்தேன். பேசாமலே இருந்தவள் நான்தான். அவள் வாங்கிய அடியெல்லாம் என் வாய் வாங்க வேண்டியது. என் குரலால், என் பேரைச் சொல்லி, இவர்கள் எல்லோரும் கேட்கும்படி. இந்த ஃபேன் சத்தத்தில் யார் பேசியது என்று மறுபடி யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது. பிஸ்மில்லாஹ்.

"மூணாவது தரம் கேக்குறேம்மா" என்றார் காசிம் காக்கா.

மஹ்மூதா மகளின் கையைத் தன் பிடியிலிருந்து விடுவித்து அவள் மடியிலேயே வைத்தாள். எழுந்தாள். திரையை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள், ஸுபைர் மட்டும் எழுந்து நின்றான்.

"காக்கா, நான் மஹ்மூதா. அன்னிக்கு நீங்க கேட்ட சத்தத்தைப் பத்திச் சொல்லணும்" என்றாள். "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க."